கல்லும் எழுத்தும்

மாரண்டஹள்ளியைச் சுற்றியுள்ள வயல்வெளிகளில் நடந்து செல்வோர், வரப்புகள் கூடும் முனைகளிற் சிறு கற்கள் பாதி புதைந்து நிற்பதைக் காணலாம். அவற்றில் ஆடு கட்டுவோர் உண்டு. அரிவாள் தீட்டுவோரும் உண்டு. கோட்டைகளையும் கோயில்களையும் வரலாற்றுச் சின்னங்கள் என்று போற்றும் நாம், இந்த எல்லைக்கற்களை அவ்வாறு எண்ணுவதில்லை. ஆயினும், ஒரு குடும்பம் தன் வாழ்நாட் சேமிப்பையெல்லாம் கொடுத்து வீடொன்றை வாங்கும்பொழுது, அதன் நல்வாழ்வு இக்கற்களையே நம்பி நிற்கிறது. வாங்குவதற்கு முன் அளந்து பார்த்தல் என்னும் வழக்கம் எங்ஙனம் வளர்ந்தது என்பதையும், அவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது என்பதையும் சற்றே ஆராய்வோம்.

நிலத்தை அளத்தல் தமிழர்க்குப் புதிதன்று. முதலாம் இராசராச சோழன் காலத்தில், ஏறத்தாழ 1001ஆம் ஆண்டில், சோழநாடு முழுவதும் அளக்கப்பட்டது. அளவுகோலுக்கு ‘உலகளந்த கோல்’ என்பது பெயர். வேலி என்னும் அளவை மிக நுண்ணிய பின்னங்களாகப் பகுத்துக் கணக்கிட்டனர் என்பதை அக்காலக் கல்வெட்டுகளால் அறிகிறோம். இஃது அரசிறைக்காகச் செய்யப்பட்ட அளவை.

இதனோடு வேறொரு வழக்கமும் இருந்தது. நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை இராசராசன் அளித்த செய்தியை லெய்டன் செப்பேடுகள் கூறுகின்றன. அரசனுடைய ஆணை எழுதப்பட்டதோடு கொடை நிறைவேறிவிடவில்லை. பெண்யானை ஒன்றை முன்னே நடத்தி, ஊரார் உடன்வர எல்லையைச் சுற்றிவந்து, கல்லும் கள்ளியும் நட்ட பின்னரே எல்லை உறுதியாயிற்று. எழுத்து ஓலையில் இருந்தது. எல்லை மண்ணில் இருந்தது. இரண்டையும் பலர் அறிய ஒன்றாக இணைத்தது அந்த நடை. இக்கருத்தை மனத்திற் கொள்ளுங்கள். இக்காலத்திற்கும் அதுவே அடிப்படை.

இனி நம் நாட்டுப்புறத்திற்கு வருவோம். தருமபுரி, கிருட்டினகிரிப் பகுதிகளுக்குப் பாராமகால் என்பது பழைய பெயர். 1792 மார்ச்சில் ஏற்பட்ட சீரங்கப்பட்டின உடன்படிக்கையின்படி, திப்பு சுல்தான் இப்பகுதியைக் கிழக்கிந்தியக் கும்பினியார்க்கு விட்டுக்கொடுத்தார். அதனை நிருவகிக்க அலெக்சாண்டர் ரீடு என்னும் படைத்தலைவர் அனுப்பப்பட்டார். அவர்க்கு உதவியாக வந்த மூவருள் ஒருவர் தாமசு மன்றோ. கும்பினியின் குடிமை அலுவலர் பலர்க்கு நாட்டுமொழிகளிற் பயிற்சி இல்லாமையால், மொழியறிந்த படைவீரர்களையே காரன்வாலிசு பிரபு இப்பணிக்குத் தேர்ந்தெடுத்தார். மன்றோ 1799 வரை இப்பகுதியிற் பணிபுரிந்தார். தருமபுரியில் நெடுநாள் தங்கியிருந்தார்.

அவர்கள் கண்ட சிக்கல் யாது? ஒரு நிலம் எவ்வளவு என்று கேட்டால், ‘இத்தனை படி விதைப்பாடு’ என்று விடை வரும். நல்ல மண்ணில் விதைக்கும் அளவு வேறு. கல்லாங்காட்டில் விதைக்கும் அளவு வேறு. ஆகவே, ஒரே பெயருடைய இரு நிலங்கள் பரப்பளவில் ஒத்திருக்க வேண்டுவதில்லை. இடைநின்றாரை விலக்கி, உழவர் ஒவ்வொருவரிடமும் நேரே வரி வாங்கும் முறையைக் கையாளவேண்டுமாயின், ஒவ்வொரு புலத்தையும் அளந்து, இது யாருடையது என்று எழுதியாக வேண்டும். இவ்வாறு பாராமகாலில் உருப்பெற்றதே ரயத்துவாரி முறை. 1820 முதல் 1827 வரை சென்னையின் ஆளுநராக இருந்த மன்றோ, அதனை மாகாணத்தின் பெரும்பகுதியில் நிலைநாட்டினார்.

மாணவர்களே! இதனை வெறும் புகழுரையாகக் கொள்ளற்க. அந்த அளவை உழவனுக்காகச் செய்யப்பட்டதன்று, வரிக்காகச் செய்யப்பட்டது. வரிச்சுமையும் பல இடங்களில் மிகுதியாகவே இருந்தது. முதல் அளவைகளிற் பிழைகள் இருந்தமையால், பிற்காலத்தில் மீண்டும் அளக்க நேர்ந்தது. 1858ஆம் ஆண்டிற் சென்னை மாகாணத்தில் நில அளவைக்கெனத் தனித்துறை அமைந்தது. 66 அடி நீளமுள்ள சங்கிலியைக் கொண்டு அளப்பது வழக்கமாயிற்று. 17ஆம் நூற்றாண்டில் எட்மண்டு கன்டர் என்னும் ஆங்கிலக் கணித அறிஞர் வகுத்த சங்கிலி அது. அதன் நீளமும் அகலமும் கொண்ட சதுரங்கள் பத்துச் சேர்ந்தால் ஓர் ஏக்கர். அதனை நூறாகப் பகுத்தால் ஒரு சென்டு, அதாவது 435.6 சதுர அடி. நாம் இன்றும் ‘ஐந்து சென்டு மனை’ என்று பேசும்போது அச்சங்கிலியின் ஒலியே கேட்கிறது.

அதே 1858ஆம் ஆண்டில் தென் ஆத்திரேலியாவில் இராபர்ட்டு டாரன்சு என்பவர் முயற்சியாற் புதியதொரு சட்டம் பிறந்தது. அரசின் பதிவேட்டிற் பெயர் ஏறினால், உரிமைக்கு அரசே பொறுப்பேற்கும் என்பது அதன் உயிர்க்கருத்து. நம் நாட்டு முறை அத்தகையதன்று. 1908ஆம் ஆண்டுப் பதிவுச்சட்டத்தின்படி பதிவாவது ஆவணம்; விற்பவர்க்கு உரிமை உண்டென்று பதிவு அலுவலகம் உறுதி கூறுவதில்லை. ஆதலின் ஆராயும் பொறுப்பு வாங்குபவரையே சார்ந்தது. இதனை அறியாமல், ‘பத்திரம் பதிவாகிவிட்டது, இனிக் கவலையில்லை’ என்று இருந்துவிடுவோர் பலர்.

என்னிடம் பயின்ற ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன்னர், எங்கள் ஊர்ப்புறத்தில் ஒரு சிறு வீட்டை வாங்க முற்பட்டார். மனைவியின் நகைகளை அடகு வைத்துத் திரட்டிய பணம் அது. பத்திரத்தில் ஐந்து சென்டு என்றிருந்தது. வில்லங்கச் சான்றிலும் குறையில்லை. “ஐயா, எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது?” என்று என்னைக் கேட்டார். “தாள் சரியாக இருக்கிறது, தம்பி. தரையை அளந்தாயா?” என்றேன். அளந்தபோது நாலரை சென்டுதான் இருந்தது. பக்கத்து வீட்டாரும் ஏமாற்றியவர் அல்லர். மூலைக்கல் எப்போதோ பெயர்க்கப்பட்டுவிட, பழைய வேலியையே எல்லையென எண்ணி அவர் தந்தையார் சுவர் எழுப்பியிருந்தார். அரை சென்டு என்பது 218 சதுர அடி. ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும் அமையக்கூடிய இடம். முன்பணம் கொடுக்கும் முன்னரே அளந்தமையால், விலையைக் குறைத்துக்கொண்டு, உள்ள அளவுக்கே பத்திரம் எழுத முடிந்தது. பின்னர் அளந்திருந்தால், இரு குடும்பங்களும் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்திற்கு நடந்திருக்கும்.

அவ்வாறாயின், வீடு வாங்குவோர் எவ்வகை ஆய்வைத் தேர்ந்துகொள்வது? மூன்றுண்டு, மூன்றும் வெவ்வேறு வினாக்களுக்கு விடை தருவன.

முதலாவது, எழுத்தின் ஆய்வு. மூல ஆவணங்கள், வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம் ஆகியவற்றை ஒப்பிடுதல். 1979 முதல் 1987 வரை நடைபெற்ற நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது நிலப்பதிவேடுகள் புதுப்பிக்கப்பட்டன. ஆகவே, பழைய பத்திரத்தில் ஏக்கரும் சென்டும் இருக்க, பட்டாவில் எக்டேரும் ஏரும் இருத்தல் இயல்பு. ஐந்து சென்டு என்பது ஏறத்தாழ 2.02 ஏர். இன்று இப்பதிவேடுகள் பலவற்றை அரசின் இணையதளத்திலேயே காணலாம். இது விற்பவர் யார் என்பதைக் காட்டும். சுவர் எங்கே நிற்கிறது என்பதைக் காட்டாது.

இரண்டாவது, எல்லையின் ஆய்வு. அரசு நில அளவர், பக்கத்து நிலத்தார்க்கும் அறிவித்து, புலப்படத்தின்படி அளந்து காட்டுவது. தனியார் அளவர் விரைவாக அளந்து தரலாம், வரைபடமும் தரலாம். எனினும், எல்லையில் ஐயம் உள்ள இடத்தில், அண்டை வீட்டார் அறிய அரசு ஆவணத்தோடு ஒப்பிட்டு அளப்பதே வலிமையுடையது. பத்திரத்திற் கூறப்படும் நான்கெல்லை, அதாவது செக்குபந்தி, நிலத்திலுள்ள எல்லையோடு ஒத்துவருகிறதா என்பதும் அப்போது விளங்கும். பரப்பளவும் நான்கெல்லையும் முரண்பட்டால், பொதுவாக நான்கெல்லைக்கே நீதிமன்றங்கள் முதன்மை அளிக்கின்றன என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும்.

மூன்றாவது, கட்டடத்தின் ஆய்வு. அடித்தளம், சுவர், கூரை, நீர்க்கசிவு ஆகியவற்றைப் பொறியாளர் ஒருவர் பார்த்துக் கூறுவது. இங்கிலாந்தில் வீடு வாங்குவோரிடையே இவ்வழக்கம் பெரிதும் பரவியுள்ளது. நம் நாட்டில் இன்னும் அருகியே காணப்படுகிறது. பழைய வீட்டை வாங்குவோர் இதனை விடலாகாது. வெறும் மனைக்கு இது வேண்டுவதில்லை. ஆனால் முதல் இரண்டும் எல்லார்க்கும் வேண்டுவனவே. இம்மூன்றுக்கும் ஆகும் செலவு, ஒரு வழக்கின் செலவுக்கு முன் மிகச் சிறிது.

எல்லைக்கல்லைக் காப்பதும் நம் கடமையே. 1923ஆம் ஆண்டு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம், அக்கற்களைப் பேணும் பொறுப்பைப் பதிவுபெற்ற நிலவுடைமையாளரிடமே ஒப்படைத்துள்ளது. கல்லைப் பெயர்த்து வாயிற்படி ஆக்கியவர், தம் பேரனுக்கு ஒரு வழக்கைச் சேமித்து வைக்கிறார்.

வரி தண்டுவதற்காக அரசுகள் உண்டாக்கிய அளவை, இன்று எளிய மனிதனின் காப்பாகவும் பயன்படக்கூடும். அதைக் கேட்டுப் பெறும் அறிவு மட்டுமே வேண்டும். அவ்வறிவைப் பள்ளிப் பருவத்திலேயே பெறலாம். 33 அடி நீளக் கயிறு ஒன்றை எடுத்துக்கொண்டு, விளையாட்டுத் திடலில் ஒரு சதுரம் வகுத்துப் பாருங்கள். மைசூர்ப் பக்கத்தில் ‘குண்டை’ என வழங்கும் அளவு அது. நாற்பது குண்டை ஓர் ஏக்கர். பிறகு உங்கள் வீட்டுப் பட்டாவைப் பெற்றோரிடம் கேட்டு வாங்கி, அதிலுள்ள அளவைக் கயிற்றால் அளந்து சரிபாருங்கள். கணக்கு ஒத்துவந்தால் மகிழ்க. ஒத்துவராவிடின், அதனை இன்றே பெரியோரிடம் கூறுக.