ஐந்து நிமிடப் பாடம்

சென்ற மாதப் பேச்சில் நேரம் போதாமல் பாதியில் நிறுத்திய விடயத்தை இங்கே முழுமையாக எழுதித் தருகிறேன். "கணக்காளருக்கு ஆசிரியப் பயிற்சியின் வரலாற்றில் என்ன வேலை?" என்று சிலர் தொலைபேசியில் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். இந்த வரலாற்றை நான் தேடிப் படித்ததற்குக் காரணம் ஒரு பிழை. அந்தப் பிழை என்னுடையது.

சில ஆண்டுகளுக்கு முன் இங்கே சிட்னியில் ஒரு சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையின் நிர்வாகக் குழுவில் இருந்தேன். எங்கள் பாடசாலைகள் எப்படி நடக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும். வாரநாளில் வேறு பிள்ளைகள் படிக்கும் வகுப்பறை. கதிரைகளை இருந்தது இருந்தபடி விட்டுவிட்டுப் போகவேண்டும். படிப்பிப்பவர்கள் அம்மாமார், அப்பாமார், பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகள். அப்படி ஒரு இளம்பெண் தானாகவே முன்வந்து ஒரு வகுப்பை ஏற்றா. மூன்று வயதில் இந்த நாட்டுக்கு வந்த பிள்ளை. நாங்கள் ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்து அறையைக் காட்டிவிட்டோம். பயிற்சி அவ்வளவுதான்.

முதல் நாள் வகுப்பின் பின்வரிசையில் நானும் இன்னொருவரும் போய் இருந்தோம். வகுப்பு முடிந்ததும், பிள்ளைகளை ஏற்ற வந்த பெற்றோர் நிற்கும்போதே, "பிள்ளை, உமக்கு ழகரம் வரவில்லை, பாடமும் ஒரு ஒழுங்கில் போகவில்லை" என்று சொன்னேன். அடுத்த சனிக்கிழமை அவ வரவில்லை. நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் சொன்ன இடமும் விதமும் ஒரு ஆசிரியையை எங்களிடமிருந்து பறித்துவிட்டன.

புதிய ஆசிரியர் ஒருவரை எப்படிப் பழக்கவேண்டும் என்று அதன் பிறகுதான் படிக்கத் தொடங்கினேன். ஊரில் நான் கண்ட முறை ஒன்றே ஒன்று. கலாசாலையில் பயிலும் ஆசிரியர் எங்கள் வகுப்புக்கு வருவார். நாற்பது பேர் முன்னால் நிற்பார். பின்வாங்கில் விரிவுரையாளர் குறிப்புப் புத்தகத்தோடு இருப்பார். வெண்கட்டி பிடித்த கை நடுங்குவது எங்களுக்கே தெரியும். நீந்தத் தெரியாதவரைக் கிணற்றில் இறக்கிவிட்டு மேலே நின்று புள்ளி போடுவதுபோல. உலகின் பெரும்பகுதியில் அன்று இதுதான் வழக்கம்.

இந்த வழக்கத்தை உடைத்த முயற்சி 1963இல் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. போருக்குப் பின் பிறந்த பிள்ளைகளால் அங்கே பாடசாலைகள் நிரம்பி வழிந்தன, ஆசிரியர்கள் போதவில்லை. 1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவிய பின் "எங்கள் பிள்ளைகளுக்கு ஒழுங்காகப் படிப்பிக்கிறோமா?" என்ற பதற்றமும் சேர்ந்துகொண்டது. டுவைட் அலன், றொபேட் புஷ் முதலானோர் ஒரு எளிய கேள்வி கேட்டார்கள்: புதியவர் ஏன் முதல் நாளே முழு வகுப்பு, முழுப் பாடம், முழு நேரம் என்று எல்லாவற்றையும் சுமக்கவேண்டும்?

அவர்கள் எல்லாவற்றையும் சிறிதாக்கினார்கள். நாலைந்து மாணவர்கள், ஐந்து நிமிடம், ஒரே ஒரு திறன். கேள்வி கேட்பது என்றால் அன்று கேள்வி கேட்பது மட்டும். மாணவர்களாக உண்மையான உயர்பள்ளிப் பிள்ளைகளையே சம்பளம் கொடுத்து அழைத்தார்கள். பாடம் முடிந்ததும் மேற்பார்வையாளர் பயிலுனரோடு தனியே இருந்து பேசுவார், பிள்ளைகளும் தங்கள் மதிப்பீட்டை எழுதிக் கொடுப்பார்கள். பிறகுதான் முக்கியமான கட்டம்: அதே பாடத்தைத் திருத்தி, வேறு நாலைந்து பிள்ளைகளுக்கு உடனேயே மறுபடி படிப்பிக்கவேண்டும். அதாவது பிழை விட்டவருக்கு அன்றைக்கே இரண்டாவது வாய்ப்பு. இதற்கு 'மைக்ரோ ரீச்சிங்' என்று பெயர் வந்தது. தமிழில் நுண்கற்பித்தல் என்றும் நுண்ணிலைக் கற்பித்தல் என்றும் சொல்கிறோம்.

கணக்குத் தொழிலில் உள்ளவர்களுக்கு இது புதிதல்ல. பரீட்சை மீதி பொருந்தவில்லை என்றால் முழுப் புத்தகத்தையும் கிழித்து எறிய மாட்டோம். ஒவ்வொரு கணக்காக எடுத்துப் பார்ப்போம்.

விரைவில் வீடியோவும் இதனோடு சேர்ந்தது. அமெரிக்காவின் அம்பெக்ஸ் நிறுவனம் வீடியோப் பதிவுக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1956இல்தான். ஸ்ரான்போர்ட்டில் ஆய்வு மாணவராக இருந்த கீத் அச்சசன், பயிலுனர் தன் பாடத்தைத் தானே திரையில் பார்த்தால் என்ன மாற்றம் வரும் என்று ஆராய்ந்தார். "நீ வேகமாகப் பேசினாய்" என்று பிறர் சொன்னால் ரோசம் வரும். தானே பார்த்தால் விவாதத்துக்கு இடமில்லை. 1969இல் அலனும் கெவின் றயனும் எழுதிய நூல் இந்த முறையை உலகெங்கும் கொண்டுபோனது.

நாங்கள் வாழும் இந்த நகரத்துக்கும் இதில் பங்கு உண்டு. 1970களில் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் கிளிஃப் ரேணியும் அவரது குழுவினரும் 'சிட்னி மைக்ரோ ஸ்கில்ஸ்' என்ற பயிற்சித் தொடரைக் கைநூல்களோடும் வீடியோக்களோடும் உருவாக்கினார்கள். ஸ்கொட்லாந்தில் ஸ்ரேர்லிங் பல்கலைக்கழகத்திலும் இதைப்பற்றி விரிவான ஆய்வுகள் நடந்தன.

இந்தியாவில் 1967இல் அலகாபாத்தில் டி.டி. திவாரி இதனைத் தொடங்கினார். 1970களில் பரோடாவில் பி.கே. பாசி முதலானோர் வளர்த்தெடுத்தார்கள். வீடியோவுக்கும், சம்பளத்துக்கு மாணவர்களை அழைப்பதற்கும் அங்கே பணம் எங்கே? ஆகவே சக பயிலுனர்களே மாணவர்களாக இருந்தார்கள், அவர்களே குறிப்பும் எடுத்தார்கள். கற்பிக்க 6 நிமிடம், கருத்துக் கேட்க 6, திருத்தி அமைக்க 12, மறுபடி கற்பிக்க 6, மறுபடி கருத்துக் கேட்க 6. கூட்டிப் பாருங்கள், 36 நிமிடம். விலையுயர்ந்த கருவி இல்லாமலும் இது நடக்கும் என்று காட்டியது இந்த இந்திய முறைதான். தமிழ்நாட்டில் பி.எட். படித்த உறவினர் இருந்தால் கேட்டுப் பாருங்கள், ஆறு நிமிடப் பாடம் நடத்திய கதை சொல்வார்.

குறை சொன்னவர்களும் இருந்தார்கள். கற்பித்தலைத் துண்டு துண்டாக வெட்டினால் உயிர் போய்விடும் என்றார்கள். ஐந்து அடக்கமான பிள்ளைகள் வேறு, நாற்பது பேர் உள்ள வகுப்பு வேறு என்றார்கள். பல இடங்களில் இது பதிவேட்டை நிரப்பும் சடங்காகவும் போனது. அந்தக் குறைகளில் உண்மை இருக்கிறது. என்றாலும், பிள்ளைகளின் கல்விப்பேற்றைப் பாதிக்கும் 138 விடயங்களை ஜோன் ஹாட்டி 2009இல் தன் நூலில் வரிசைப்படுத்தியபோது நுண்கற்பித்தல் நான்காவது இடத்தில் நின்றது.

இனி என் கதைக்கு வருகிறேன். அந்த இளம்பெண் போனபின் அந்த வகுப்பு என் தலையில் விழுந்தது. ஒருநாள் பிள்ளைகளின் குரலை வானொலிக்கு எடுப்போம் என்று ஒலிப்பதிவுக் கருவியை மேசையில் வைத்திருந்தேன். இரவு வீட்டில் வெட்டி ஒட்ட இருந்தபோதுதான் என் வகுப்பை நானே கேட்டேன். "பொங்கலுக்கு முதல் நாள் வீட்டில் என்ன செய்வோம்?" என்று கேட்கிறேன். ஒரு பையன் "அம்மா வந்து..." என்று தொடங்குகிறான். அவன் அடுத்த சொல்லைத் தேடுவதற்குள் நானே விடையைச் சொல்லிவிட்டேன். தொழில் புத்தி விடவில்லை, எண்ணினேன். இருபது நிமிடத்தில் பதினேழு கேள்விகள். பதினொன்றுக்கு விடை சொன்னவன் நான்.

வானொலியில் இரண்டு விநாடி மௌனம் வந்தாலே எங்களுக்கு நெஞ்சு படபடக்கும். ஆனால் ஸ்ரான்போர்ட் பட்டியலில் மௌனம் ஒரு தனித் திறன். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் றோ 1974இல் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்றார். மூன்று விநாடிக்கு மேல் பொறுத்தால் விடைகள் நீள்கின்றன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசுகிறார்கள். எங்கள் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். கேள்வியை விளங்கி, ஆங்கிலத்தில் யோசித்து, தமிழ்ச் சொல்லைத் தேடி எடுக்கவேண்டும். அதற்கு மூன்று விநாடியும் போதாது. "பிள்ளைகள் தமிழ் கதைக்கிறார்கள் இல்லை" என்று குறைப்படும் நாங்கள் அவர்களுக்குக் கதைக்க எவ்வளவு நேரம் விட்டோம்?

அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். பிறகு பாடசாலையில் ஒரு யோசனை வைத்தேன். தவணை தொடங்க முன் எல்லா ஆசிரியர்களும் நாலு பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடம் படிப்பிப்பது, கைத்தொலைபேசியில் பதிவு செய்வது, பதிவை அவர்களிடமே கொடுப்பது. கருத்துச் சொல்ல அலன் பிற்காலத்தில் வகுத்த 'இரண்டும் இரண்டும்' முறை: முதலில் இரண்டு நல்லது, பிறகு இரண்டு யோசனை, அதற்கு மேல் இல்லை. பெற்றோர் முன்னிலையில் ஒருபோதும் இல்லை. முதல் ஆளாக நானே படிப்பித்தேன். பார்த்துச் சொல்ல அந்தப் பெண்ணையே அழைத்தேன்.

அவ இரண்டு நல்லது சொன்னா. முதல் யோசனையாக, கரும்பலகையில் எழுதும்போது சுவரோடு பேசவேண்டாம் என்றா. இரண்டாவதைச் சொல்லக் கொஞ்சம் தயங்கினா.

"அங்கிள், இப்ப நீங்கள் பொறுத்து நிக்கிறீங்கள். ஆனால் ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு மனதுக்குள்ள எண்ணுறது முகத்தில தெரியுது. எண்ணாமல் அந்தப் பிள்ளையைப் பாருங்கோ."

பத்து நிமிடம் கழித்து வேறு நாலு பிள்ளைகளோடு அதே பாடத்தை மறுபடி நடத்தினேன். இந்த முறை ஒரு சிறுமி நெடுநேரம் கூரையைப் பார்த்துவிட்டு, "முதல் நாள் அம்மம்மா முத்தம் கூட்டுவா" என்றாள். முற்றம் என்ற சொல் அவளிடம் இருந்திருக்கிறது. வெளியே வரத்தான் நேரம் வேண்டியிருந்தது.

உங்கள் பகுதிப் பாடசாலையிலும் இதைச் செய்து பார்க்க விரும்பினால் நிலையத்துக்கு அழையுங்கள். பதிவுக் கருவியோடு வருகிறேன். பின்வரிசையில் இருக்க மாட்டேன். அடுத்த மாதம் சந்திப்போம். வணக்கம்.