முதலில் எந்தப் பாட்டு?

சென்ற ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னிடம் முதுகலை படிக்கும் மாணவி ஒருத்தி தோளில் கிட்டாரோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். வீடு சின்ன காஞ்சிபுரத்தில், வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி. கூடவே இரண்டு பெண்கள், ஒரு பையன். நால்வரும் சேர்ந்து ராக் இசைக்குழு ஒன்று வைத்திருக்கிறார்கள். கையில் ஆறு பாட்டு இருக்கிறது. ஆறையும் தொகுப்பாக வெளியிடக் காசில்லை, ஒன்றைத்தான் முதலில் விட முடியும். போட்டி இரண்டு பாட்டுக்குள். ஒன்று தறிக்கூலியும் அம்மாவும் பற்றியது. மற்றதில் ஒரு பெண் தன் ஆசையைத் தன் வாயால் சொல்கிறாள். இரண்டாவதுதான் நல்ல பாட்டு. கேட்ட அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"மேடம், எதை முதல்ல விடலாம்?"

"அம்மா பாட்டை விடுங்கம்மா. முதல்ல பேர் வரட்டும். அதை அப்புறம் பாத்துக்கலாம்."

காபி குடித்துவிட்டுப் போனார்கள். டம்ளர்களைக் கழுவும்போதுதான் உறைத்தது, அது நான் யோசித்துச் சொன்ன பதில் இல்லை என்று. அது எனக்கு முன்பே யாரோ சொல்லி, அவர்களுக்கும் யாரோ சொல்லி வந்த பதில். அதன் வழித்தடத்தைத் தேடியதில் எழுதியது இது.

ராக் ரசிகர்களுக்கு இது பழைய வழக்கு. ஒரு குழு எந்தப் பாட்டைத் தனித்தட்டாக வெளியிடுகிறது என்பதை வைத்தே அது உண்மையான குழுவா, விலைபோன குழுவா என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். லெட் செப்பலின் குழு தங்கள் நாடான இங்கிலாந்தில் தனித்தட்டு வெளியிடுவதையே தவிர்த்தது. 1971இல் வந்த 'ஸ்டேர்வே டு ஹெவன்' எட்டு நிமிடப் பாட்டு. அதை வெட்டிச் சுருக்கித் தனியாக விற்க அவர்கள் சம்மதிக்கவில்லை. அந்த மறுப்பே அவர்களுக்குப் பெருமையாகச் சேர்ந்தது. அதே அரங்கில் ஆன், நான்சி வில்சன் சகோதரிகள் முன்னின்ற ஹார்ட் குழுவின் கதை வேறு. எழுபதுகளில் தங்கள் பாட்டைத் தாங்களே எழுதிப் பெயர் வாங்கியவர்கள் அவர்கள். எண்பதுகளில் வெளியார் எழுதிய காதல் பாட்டுகளைத் தனித்தட்டாகப் பாட வேண்டியிருந்தது. 1990இல் பெரிதாக ஓடிய ஒரு பாட்டு ஓர் ஆண் எழுதிக் கொடுத்தது. அதைத் தனக்குப் பிடிக்கவே பிடிக்காது என்று ஆன் வில்சன் பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார். மறுப்பதற்கும் ஒரு முதல் வேண்டும். அது யாரிடம் இருந்தது என்பதுதான் என் கேள்வி.

எங்கள் ஊரிலும் மறுத்தவர் ஒருவர் உண்டு. காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை (1889–1934). லயத்தில் சிங்கம். கடம், கஞ்சிரா, மோர்சிங், கொன்னக்கோல் என்று பக்கவாத்தியங்களை மேடை நிறைய உட்கார வைத்துப் பாடுவார். 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரி என்றே அதற்குப் பெயர். அவர் காலத்தில் கிராமபோன் தட்டு நாடெங்கும் விற்றது. அவர் குரல் எந்தத் தட்டிலும் இல்லை. அதனால் அவருடைய மதிப்பு ஒரு மாற்றும் குறையவில்லை, ஏறியது. சென்னையிலிருந்து வீணை தனம்மாளின் பேத்தி பிருந்தா காஞ்சிபுரம் வந்து அவரிடம் பாடம் கேட்டார்.

இந்த நாயனாப் பிள்ளைக்குப் பாட்டு வந்தது பெண்கள் வழியாக. பாடகி தனகோடி அம்மாள் அவருடைய தாயின் உடன்பிறந்தவர். அந்தக் குடும்பத்துப் பெண்களைப் போன்ற தேவதாசி மரபுக் கலைஞர்கள்தான் இந்தியாவில் தட்டு வியாபாரத்தைத் தூக்கி நிறுத்தியவர்கள். 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடினார். பாட்டு முடிந்ததும் தன் பெயரைத் தானே ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பார். தெற்கே சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி. ஆண் வித்துவான்கள் பலர் குழலுக்கு முன்னால் பாடினால் குரல் போய்விடும், ஆயுள் குறையும் என்று தயங்கிய நாட்களில் இந்தப் பெண்கள் துணிந்து பாடினார்கள். தாயி பாடிய தட்டு ஒன்று மோரிஸ் தெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளரின் காதில் விழுந்தது. 1912இல் இந்தியாவுக்கு வந்தவர் அவர். அந்தத் தட்டை வைத்து 'ராகமாலிகா' என்றே ஒரு படைப்பு செய்தார்.

தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம். அதில் ராகம் விரியாது, பல்லவி நிற்காது. ஜாவளி நிற்கும், பதத்தின் ஒரு சரணம் நிற்கும், சின்னக் கீர்த்தனை நிற்கும். கம்பெனி கேட்டதும் அதைத்தான். அதைப் பாடினார்கள். பிறகு என்ன நடந்தது? கச்சேரியில் அவர்கள் மணிக்கணக்கில் பாடியது காற்றில் போய்விட்டது, தட்டு மட்டும் நின்றது. சபாக்காரர்கள் அந்தத் தட்டையே சாட்சியாக எடுத்தார்கள்: 'பாருங்கள், இவர்கள் பாடுவது சிருங்காரம்.' ஆணின் தனித்தட்டில் 'காசுக்குப் போய்விட்டானா' என்று பார்த்தார்கள். பெண்ணின் தட்டில் பார்த்தது அவள் எப்படிப்பட்டவள் என்பதை. நம்பகம் என்ற ஒரே சொல் பாலுக்கு ஏற்ப இரண்டு பொருள் கொண்டுவிட்டது.

பட்டம்மாளிடம் இப்போது வருகிறேன். அவரைப் பற்றிப் பேசும்போது எனக்கு ஊர்ப் பாசம் வந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுக் குழித்தறிக்கு மேலே பலகையில் ரேடியோ இருந்தது. ஆகஸ்ட் பதினைந்து காலையில் அதில் பாரதியின் சுதந்திரப் பள்ளு வரும். ராட்டினத்தில் பட்டு சுற்றிக்கொண்டிருக்கும் ஆயா, கையை நிறுத்தாமலே, "நம்ம ஊருப் பொண்ணு பாடுது" என்பாள். எழுபதைத் தொட்டுவிட்ட பெண்ணைத்தான் 'பொண்ணு' என்றாள்.

தாமல் கிருஷ்ணசாமி பட்டம்மாள் 1919இல் காஞ்சிபுரத்தில் பிறந்தார். அம்மா ராஜம்மாள் நன்றாகப் பாடக்கூடியவர். உறவுக்காரர் நடுவில்கூடப் பாட அவருக்கு அனுமதி இல்லை. பிராமண வீட்டுப் பெண் பாட்டுக் கற்கலாம், பிறர் கேட்கப் பாடக் கூடாது. பள்ளித் தலைமையாசிரியை அம்முக்குட்டி அம்மாளின் ஊக்கம் இல்லாவிட்டால் மகளும் அதே சமையலறையில் முடிந்திருப்பார். 1929இல், பத்து வயதில், சென்னை வானொலியில் பாடினார். 1932இல் ரசிக ரஞ்சனி சபாவில் கச்சேரி. அதற்கப்புறம் அவர் செய்ததுதான் பெரிய காரியம். ராகம் தானம் பல்லவி பெண்ணுக்கு ஆகாது, அதன் கணக்கு அவளுக்குப் பிடிபடாது என்றிருந்த நாளில் அதை மேடையில் பாடினார். 'பல்லவி பட்டம்மாள்' ஆனார். சிறுமியாக இருந்தபோது நாயனாப் பிள்ளையின் கச்சேரிகளைக் கேட்ட காது அது.

பல்லவி தட்டில் ஏறாது. அவருடைய பெருமை எதில் இருந்ததோ அதை மூன்று நிமிடத்தில் விற்க முடியாது. ஆனால் ஊர் அறிந்த பட்டம்மாள் தட்டு வழியாகவும் சினிமா வழியாகவும் வந்தவர். என் ஆயா தன் ஆயுளில் ஒரு பல்லவி கேட்டிருக்க மாட்டாள்.

சினிமா கூப்பிட்டபோது பட்டம்மாள் ஒரு கோடு போட்டார். பக்திப் பாட்டு, தேசபக்திப் பாட்டு மட்டும். காதல் பாட்டு கிடையாது. 1939இல் கே. சுப்ரமணியத்தின் 'தியாகபூமி'யில் தேச சேவைக்கு அழைக்கும் பாட்டைப் பாடினார். கணவனோடு வாழ மறுத்து, வேண்டுமானால் அவனுக்கு ஜீவனாம்சம் தருகிறேன் என்று நீதிமன்றத்தில் நிற்கும் சாவித்திரியின் கதை அது. அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் அரசு படத்தைத் தடை செய்தது. 1947இல் ஏவி.எம்மின் 'நாம் இருவர்' படத்தில் பாரதி பாட்டுகள். திரையில் ஆடியது குமாரி கமலா, குரல் பட்டம்மாளுடையது. உடம்பு திரைக்கு வராமல் குரல் மட்டும் வருவதற்கு வழி செய்தது பின்னணிப் பாட்டு. குலப்பெண் திரைக்குப் பின்னால் நின்றபடி தமிழ்நாடு முழுவதும் போய்வர முடிந்தது.

இந்தக் கோட்டை நான் வெகுநாள் கொண்டாடினேன். வகுப்பிலும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். தான் பாடுவது எது என்று தானே தீர்மானித்தவர், கம்பெனிக்கு மசியாதவர் என்று. அது பொய்யில்லை. கோட்டை யார் கையில் சுண்ணாம்பு கொடுத்துப் போட வைத்தார்கள் என்பதை மட்டும் நான் கேட்கவில்லை. தட்டில் குரல் வந்த பெண்ணுக்குக் கல்யாணம் ஆகுமா என்று கேட்ட தெரு அது. தேசமும் தெய்வமும் அந்தக் கேள்விக்கு முன்னால் பிடித்த குடை. அந்தக் குடை இல்லாமல் பல்லவி வரைக்கும் அவர் போயிருக்க முடியுமா? முடியாது என்றுதான் நினைக்கிறேன். 1970இல் சங்கீத கலாநிதி விருது பெற்றபோது, அவருக்கு முன் அதைப் பெற்ற பெண் எம்.எஸ். சுப்புலட்சுமி ஒருவர்தான்.

எம்.எஸ்.ஸின் முதல் தட்டு 1926இல், அவருடைய பத்தாவது வயதில் வந்தது. அம்மா சண்முகவடிவு வீணை வாசித்தார். தேவதாசி மரபில் வந்தவர் என்பதால் அவருக்குக் குடை போதவில்லை, முழு உடையையே மாற்ற வேண்டியிருந்தது. 'சகுந்தலை'யில் காதல் பாடினார். 1945இல் 'மீரா'. அதோடு நடிப்புக்கு முழுக்கு. பிறகு அவரை ஊர் மீராவாகவே வைத்துக்கொண்டது. எம்.எல். வசந்தகுமாரியை மட்டும் எனக்கு இந்த விஷயத்தில் ரொம்பப் பிடிக்கும். 1951இல் 'மணமகள்' படத்தில் பாரதியின் கண்ணம்மா பாட்டை சி.ஆர். சுப்பராமன் மெட்டில் பாடினார். சினிமா மெட்டு கச்சேரி மேடைக்கே வந்து உட்கார்ந்துகொண்டது, இன்றுவரை எழுந்திருக்கவில்லை. படங்களில் குதூகலமான பாட்டுகளையும் பாடிய அதே வாயால் ராகம் பாடி, 1977இல் அவரும் சங்கீத கலாநிதி ஆனார்.

பட்டம்மாள் பாடாத பாட்டுகள் என்ன ஆயின? பதங்களும் ஜாவளிகளும் காணாமல் போகவில்லை. பிருந்தாவும் முக்தாவும் அவற்றை வைத்திருந்தார்கள். பெரிய கூட்டத்துக்குப் பாடும் ஆசை அவர்களுக்கு இல்லை, எம்.எஸ்.ஸே பிருந்தாவிடம் பதம் கற்றுக்கொண்டார். பாலசரஸ்வதி 1925இல் எங்கள் காஞ்சிபுரத்துக் கோயிலில் அரங்கேறியவர். சிருங்காரத்தில் அசிங்கம் எதுவும் இல்லை, கழுவி எடுக்க அதில் ஒன்றுமில்லை என்று கடைசிவரை நின்றார். ஆசையைப் பாட யாராவது இருந்தாக வேண்டும். ஒருத்தி தன் மரியாதைக்காக அதைக் கீழே வைத்தால், ஏற்கெனவே பழி சுமந்தவள்தான் அதையும் எடுத்துச் சுமக்கிறாள். இதைப் பட்டம்மாள் மீது குற்றமாகச் சொல்லவில்லை. சாதி அப்படித்தான் வேலையைப் பிரித்துக் கொடுத்திருந்தது.

அண்மைக் கதை ஒன்று. 2017இல் தென்மாவும் பா. ரஞ்சித்தும் தொடங்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் கானா பாடும் இசைவாணி இருந்தார். ஐயப்பனை விளித்து மன்னிப்புக் கேட்பதாகத் தொடங்கும் அவருடைய பாட்டு, பெண்கள் கோயிலுக்குள் நுழைவதைப் பற்றிய தீர்ப்பு வந்த காலத்தில் வெளியானது. குழு பாடிய பாட்டு எத்தனையோ இருக்க, 2024 நவம்பரில் அந்த ஒரு பாட்டைத் தூசி தட்டி எடுத்து அவர்மேல் புகார் கொடுத்தார்கள், மிரட்டினார்கள். பாட்டு குழுவினுடையது. வசவு பெரும்பாலும் போய்ச் சேர்ந்தது பாடிய பெண்ணின் தொலைபேசிக்கு.

கவிதைக்கு வருவோம், அது என் பிழைப்பு. குட்டி ரேவதி 2002இல் 'முலைகள்' என்று ஒரு தொகுப்புக்குப் பெயர் வைத்தார். உள்ளே உள்ள கவிதைகளைத் திறந்தும் பார்க்காதவர்கள் அட்டையை வைத்தே அவரைத் தீர்த்துக்கட்டினார்கள். சல்மா, மாலதி மைத்ரி, சுகிர்தராணி என்று வரிசையாக வசவு நீண்டது. ஒற்றைச் சொல்தான் அங்கே தனித்தட்டு. அப்போது நான் ஆய்வு மாணவி. என் நோட்டிலும் அந்த மாதிரிக் கவிதைகள் இருந்தன. வேலைக்கான நேர்காணலுக்குக் காத்திருந்தேன். முதலில் பேர் வரட்டும் என்று எனக்கு ஒரு மூத்தவர் சொன்னார். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்.

பேர் வந்தது. ஆயாவின் ராட்டினம் பற்றிய கவிதைக்காக வந்தது. எந்தக் கவியரங்கத்துக்குப் போனாலும் "அந்த ராட்டினத்தை வாசிங்க" என்பார்கள். வாசிப்பேன். கண் கலங்குவார்கள். பன்னிரண்டு வருஷமாக அதையே வாசித்தேன். மோசமான கவிதை இல்லை. நூல் சுற்றிய பெண்களின் பெயர் எந்தப் புடவையிலும் இல்லை என்பது அதில் இருக்கிறது. ஆனால் மற்ற நோட்டு இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. 'அப்புறம்' என்பது எந்தத் தேதி என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து மாணவியைக் கூப்பிட்டு, அன்று சொன்னது தப்பு, அந்த இரண்டாவது பாட்டையே விடுங்கள் என்றேன். கொஞ்சம் பேசாமல் இருந்தாள். "மேடம், அதை அன்னிக்கு ராத்திரியே விட்டுட்டோம். உங்களுக்குத்தான் சொல்லல" என்றாள்.

எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள் என்று கேட்டேன். நானூற்றுச் சொச்சம். அவளுடைய அம்மா அதில் ஒருவர். கேட்டுவிட்டு என்ன சொன்னார் என்றேன். "அந்த நடு வரியை மட்டும் கொஞ்சம் மெதுவாப் பாடியிருக்கலாம்னாங்க மேடம். வேற ஒண்ணும் சொல்லல."