கப்பல் மாடலில் எந்த விமானம்? முதல்ல தேதியை முடிவு பண்ணுங்க!

விமானந்தாங்கிக் கப்பல் மாடல் வாங்கியாச்சு. பெட்டியில் இருக்கும் விமானங்களை அப்படியே மேல்தளத்தில் ஒட்டிடலாமா? அவசரப்படாதீங்க! ஒரே கப்பலில் மாதத்துக்கு மாதம்கூட விமானங்களும் பீரங்கிகளும் மாறியிருக்கும்.

அமெரிக்காவின் 'எண்டர்பிரைஸ்' கப்பலையே எடுத்துக்கோங்க. 1942 ஜூன், மிட்வே போர்க்காட்சி என்றால் இவற்றைக் கவனிக்கணும்.

விமானங்கள்: வைல்ட்கேட், டான்ட்லெஸ், டெவஸ்டேட்டர். அவெஞ்சர் இந்தக் கப்பலுக்கு வந்தது அதற்குப் பிறகுதான். அன்று டார்பிடோவுடன் கிளம்பிய 14 டெவஸ்டேட்டர்களில் பெரும்பாலானவை திரும்பவே இல்லை. அந்த இடத்தில் அவெஞ்சரை வெச்சா, அந்த வீரர்களின் கதையே காணாமல்போயிடும்.

இறக்கை: வைல்ட்கேட், டெவஸ்டேட்டர் இரண்டையும் இறக்கை மடித்து நிறுத்தலாம். டான்ட்லெஸ் இறக்கை மடங்காது.

சின்னம்: நட்சத்திரத்தின் நடுவே இருந்த சிவப்பு வட்டம் மே மாதமே நீக்கப்பட்டது. அது இல்லாத ஸ்டிக்கரையே தேர்ந்தெடுங்க.

பீரங்கி: விமான எதிர்ப்புக்கு 28 மி.மீ., 20 மி.மீ. ரகங்கள் சரி. 40 மி.மீ. போஃபர்ஸ் பிறகு வந்தது.

அளவு: டான்ட்லெஸின் இறக்கை அகலம் சுமார் 12.65 மீட்டர். 1/700 மாடலில் அது 18 மி.மீ., 1/350-ல் 36 மி.மீ. வரணும். ஸ்கேல் வைத்து அளந்துடுங்க.

கைப்பிடிக் கம்பி, ஏணிக்கு பிளாஸ்டிக்கைவிட மெல்லிய பித்தளைத் தகட்டில் வெட்டியவை பொருந்தும். எதை வாங்கும் முன்பும் அந்த மாதத்துப் புகைப்படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்க!