மை ஒற்றும் வேலை

விளம்பரத் தொழிலை உதறிவிட்டுத்தான் ஆண்டி வார்ஹோல் கலைஞரானார் என்று பலரும் சொல்வார்கள். அவருடைய அச்சுகளை உற்றுப் பார்த்தால் அந்தக் கதை நிற்காது. 1949-இல் பிட்ஸ்பர்க்கில் படிப்பை முடித்து நியூயார்க் வந்தவர், பத்தாண்டுகளுக்கு மேல் பத்திரிகைகளுக்கும் கடைகளுக்கும் படம் வரைந்து பிழைத்தார். 1955 முதல் ஐ. மில்லர் நிறுவனத்துக்காக அவர் வரைந்த காலணி விளம்பரங்கள் 'நியூயார்க் டைம்ஸ்' இதழில் வந்தன. அந்தக் கோடுகள் பேனாவிலிருந்து நேரே விழுந்தவை அல்ல. மை உறிஞ்சாத தாளில் பென்சிலால் வரைந்து, அதன்மேல் கொஞ்சம் கொஞ்சமாக மை தடவி, காய்வதற்குள் இன்னொரு தாளில் ஒற்றி எடுப்பார். கோடு ஓரிடத்தில் அறுந்தும் ஓரிடத்தில் திட்டாகவும் விழும். ஒரே மூலத்திலிருந்து பல பிரதிகள் எடுக்கலாம். வண்ணம் தீட்ட நண்பர்களைக் கூப்பிடலாம். பெயருக்குத்தான் ஓவியம், பாதிக்கு மேல் அச்சு வேலை.

1962-இல் லாஸ் ஏஞ்சலிஸின் ஃபெரஸ் கேலரியில் அவர் வைத்த 32 கேம்ப்பெல் சூப் டப்பா ஓவியங்களில் அந்த நடுங்கும் கோடு இல்லையே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அவர் விட்டது விளம்பர ஓவியத்தின் நளினத்தை மட்டுமே. வேலை முறையை விடவில்லை. அதே ஆண்டில் ஸ்கிரீன் பிரிண்டிங்குக்கு வந்துசேர்ந்தார். கடை விளம்பரங்களும் துணிகளும் அச்சிடப் பயன்பட்ட முறை அது. அதை முன்பே கையாண்ட அமெரிக்க ஓவியர்கள் 'செரிகிராஃப்' என்று தனிப்பெயர் சூட்டி, வணிக அச்சிலிருந்து தங்களை விலக்கிக்கொண்டார்கள். வார்ஹோலுக்கு அந்தக் கூச்சம் இருக்கவில்லை. 1963-இல் உதவிக்குச் சேர்ந்த ஜெரார்டு மலாங்காவும் துணி அச்சில் பழகியவர்தான்.

புகைப்படத்தைத் திரையில் ஏற்றி மையை இழுத்துவிட்டால் கலைஞனின் கைக்கு என்ன வேலை என்பது இன்னும் கடுமையான ஆட்சேபம். நடிகை மர்லின் மன்றோவை வைத்து அவர் செய்த 'மர்லின் டிப்டிக்' அதற்குப் பதில் சொல்கிறது. 'நயாகரா' படத்தின் விளம்பரப் புகைப்படம் ஒன்றே அதில் 50 முகங்களாகிறது. வலப்பக்கத்துக் கறுப்பு வெள்ளை முகங்களில் சில மை அப்பி மூடிக்கிடக்கின்றன. சில வெளுத்து மறைகின்றன. அச்சகத்தில் இவை கழிவுத் தாள்கள். மை தன்போக்கில் விழுவதைக் காலணி விளம்பரக் காலத்திலேயே ரசித்துப் பழகியவர் இவற்றைக் கழிக்கவில்லை. புதுமை என்று நாம் கொண்டாடுவது, என் கணிப்பில், பழைய தொழில் பழக்கம்.

பாத்திரம் தேய்க்கும் பஞ்சின் அட்டைப்பெட்டியை நகலெடுத்து 1964-இல் அவர் காட்சிக்கு வைத்த பிரில்லோ பெட்டிகளும் ஒட்டுப்பலகையில் ஸ்கிரீன் பிரிண்ட் செய்தவை. அசல் அட்டைப்பெட்டியை வடிவமைத்த ஜேம்ஸ் ஹார்வியும் ஓவியர்தான். பிழைப்புக்குப் பெட்டி, கலைக்கு அரூப ஓவியம் என்று இரண்டையும் பிரித்தே வைத்திருந்தார் அவர். இன்று ஹார்வியின் பெயர் வெளியே வருவது, பெரும்பாலும் அந்தப் பெட்டியால்தான்.