ஒருவர் பாட்டல்ல: ‘வல்லவன்’ சொல்லும் கூட்டுழைப்பு வரலாறு



மலேசியத் தமிழ் இசையின் வளர்ச்சியைப் பற்றி எழுதச் சொன்னால், பல மாணவர்கள் ஒரு பாடகர் பெயரையும் ஒரு பாட்டின் பெயரையும் எழுதிவிட்டு நிறுத்திக்கிறாங்க. ஆனால், ஓர் இசைத்தொகுப்பு பலர் கைபட்டு உருவாவது. அதற்கு நம் நாட்டிலேயே நல்ல சான்று, 2006-இல் வெளிவந்த ‘வல்லவன்’.

பின்னணி

1970-களில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் வளர்ந்த ராப் இசை, மெல்ல மெல்ல நம் நாட்டுக்கும் வந்தது. 1990-களில் ‘பொயட்டிக் அம்மோ’ என்ற மலேசியக் குழு ஆங்கிலம், மலாய், தமிழ், கண்டனீஸ் எனப் பல மொழிகளில் பாடியது. அக்குழுவில் இருந்த யோகி பி, பிறகு டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோருடன் சேர்ந்து தமிழை முன்னிறுத்தி ‘வல்லவன்’ தொகுப்பைக் கொண்டுவந்தார். ‘யோகி பி & நட்சத்திரா’ என்ற பெயரைக் கவனியுங்கள்; பெயரிலேயே கூட்டு இருக்கிறது.

கூட்டுழைப்பு நடப்பது எப்படி?

ராப் பாட்டில் தாளம்தான் அடித்தளம். அதன்மேல் ஆளுக்கொரு பகுதி. எல்லாரையும் சேர்த்துக் கட்டுவது பல்லவி. ஒருத்தர் ஒரு பக்கம், இன்னொருத்தர் வேறு பக்கம் போனால் பாட்டு சிதறிவிடும். எனவே, கருப்பொருளில் முதலில் உடன்பாடு வேண்டும். வரி முடிவில் ஒலி ஒத்துவர வேண்டும். இது நாம் யாப்பில் படிக்கும் இயைபுதானே!

இத்தொகுப்பின் ‘மடை திறந்து’ பாட்டில் மூத்த தலைமுறையும் கூட்டாளியாகிறது. இளையராஜா இசையில் எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடிய அந்தப் பாட்டு, பாரதிராஜாவின் ‘நிழல்கள்’ (1980) படத்தில் வந்தது. வாய்ப்புத் தேடும் இசைக்கலைஞனின் கனவைச் சொல்லும் பாட்டு அது. வாய்ப்பைத் தேடிய மலேசிய இளைஞர்களுக்கு அது பொருத்தமாக அமைந்ததில் வியப்பில்லை. பழைய மெட்டோடு அவர்கள் தங்கள் சொற்களையும் சேர்த்தார்கள்.

விளைவு

2007-இல் ‘பொல்லாதவன்’ படத்தில் யோகி பி-யின் குரல் ஒலித்தது. புக்கிட் பெலிம்பிங் போன்ற தோட்டப் பகுதிகளுக்குப் பாட்டு என்றாலே வானொலி, கேசட், திரைப்படம் வழியாகத் தமிழ்நாட்டிலிருந்து வருவது. இப்போது இங்கிருந்து ஒரு குரல் சென்னைக்குப் போனது. “நம்ம தமிழ் தோட்டத்துத் தமிழ்தானே, சார்” என்று தயங்கும் மாணவனுக்கு இந்த வரலாறு தெரிய வேண்டும், இல்லைங்களா?

தேர்வுக்கும் வகுப்புக்கும்

மாணவர்களே, கட்டுரையில் யார், எப்படி, என்ன விளைவு என்ற மூன்றையும் எழுதுங்கள். பெயரும் ஆண்டும் மட்டும் போதாது. காரணம் எழுதினால்தான் கருத்து முழுமை பெறும்.

ஆசிரியர்களே, மூவர் மூவராகக் குழு பிரியுங்கள். ஒரே கருப்பொருளில் ஆளுக்கு நான்கு வரி, எல்லாருக்கும் பொதுவாக ஒரு பல்லவி. இயைபு கட்டாயம். யாருடைய வரியை நீக்குவது, எதை வைத்துக்கொள்வது என்று அவர்களே பேசி முடிவெடுக்கட்டும். கூட்டுழைப்பு என்றால் என்னவென்று அந்தப் பேச்சிலேயே கற்றுக்கொள்வார்கள்.