மூன்று நிமிடத்தில் அடங்காத கோவலன்

சாத்தான்குளம் வட்டாரத்துக் கோயில் கொடைகளில் நாடகம் போட்டால் இரவு பத்து மணிக்குமேல் தொடங்கி விடியும்வரை நடக்கும். பபூன் வந்து கூட்டத்தைச் சிரிக்கவைப்பார். ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் எதிரெதிர் நின்று பாட்டிலேயே வழக்காடுவார்கள். ஆர்மோனியக்காரர் இரண்டு பேருக்கும் ஈடுகொடுப்பார். கோவலன் மதுரைக்குப் போய்ச் சேர்வதற்குள் கிழக்கு வெளுத்துவிடும். அந்தக் காலத்துப் பத்து அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அடங்குவதோ ஏறக்குறைய மூன்று நிமிடம். விடிய விடிய நடக்கும் கதையை அந்த மூன்று நிமிடத்தில் எப்படிக் கொண்டுவருவது? இந்த நெருக்கடியில் பிறந்ததுதான், ஒரு நாடகத்தைச் சுருக்கிப் பல தட்டுகளில் பதிந்து தொகுப்பாக விற்ற டிராமா செட். ஜாஸ் ரசிகர்கள் இன்று பெட்டி பெட்டியாகச் சேர்க்கிறார்களே, அந்தத் தொகுப்புகளுக்கும் இதற்கும் மூதாதை ஒன்றே.

நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றிய அந்தத் தட்டுகளின் முக்கியமான சேர்மானம் அரக்கு. உலகத்துக்கு வேண்டிய அரக்கில் பெரும்பகுதி சோட்டா நாகபுரி போன்ற நம் நாட்டுக் காடுகளிலிருந்துதான் போனது. ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ட்ரம்பெட்டும் பாடகி பெஸ்ஸி ஸ்மித்தின் குரலும் பதிந்து கிடந்தது அந்த அரக்கில்தான் என்று நினைக்கும்போது எனக்கு அவர்கள் இன்னும் நெருங்கிவிடுகிறார்கள்.

ஜாஸுக்கு மூன்று நிமிடம் பெரிய தடையாக இருக்கவில்லை. பாட்டையே அந்த அளவுக்கு அமைத்துக்கொண்டார்கள். நீளமான படைப்புகள்தான் திண்டாடின. ஜெர்மனியின் ஓடியன் நிறுவனம் 1909-இல் சைக்காவ்ஸ்கியின் 'நட்கிராக்கர்' இசைத்தொகுதியை நான்கு இருபக்கத் தட்டுகளில் பதிந்து, படங்களை ஒட்டிவைக்கும் புத்தகம் போன்ற அட்டையில் அடுக்கி விற்றது. தட்டுத் தொகுப்புகளுக்கு முன்னோடி என்று பொதுவாக இதைத்தான் சொல்வார்கள்.

அதே ஓடியன் பெயர் தமிழ் நாடகத்தின் கதையிலும் வருகிறது. அதற்குமுன் நம் ஊர்க்காரர் ஒருவரைச் சொல்லவேண்டும். தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள்தான் வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி, சதி சுலோசனா என்று நாடகங்களை எழுதிக் குவித்தவர். தமிழ்நாட்டு நாடகக் கொட்டகைகள் பல பத்தாண்டுகள் அவர் பாட்டில்தான் பிழைத்தன. அவர் 1922-இல் புதுச்சேரியில் மறைந்தார். மூன்றே ஆண்டில், 1925-இல், மின்வழி ஒலிப்பதிவு வந்தது. அதுவரை பாடகர் ஒரு குழாய்க்குள் முகத்தை நீட்டிக் கத்தவேண்டியிருந்தது. மைக் வந்ததும் நான்கைந்து நடிகர்கள் சுற்றி நின்று, பேசியும் பாடியும், ஒரு காட்சியையே பதியமுடிந்தது. சுவாமிகளின் கதைகள் தட்டில் ஏறத் தோதான காலம் அதுதான்.

1930-களில் செட்டுகள் பெருகின. சென்னையில் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் கூட்டாளிகளோடு 1932-இல் தொடங்கிய சரஸ்வதி ஸ்டோர்ஸ், ஓடியன் தட்டுகளை எடுத்து விற்றது. ஹெச்.எம்.வி., கொலம்பியா நிறுவனங்களும் களத்தில் இருந்தன. ஒரு செட்டுக்கு ஐந்து தட்டு என்று வைத்துக்கொண்டால் பத்துப் பக்கம். மொத்தம் அரைமணி நேரத்துக்குச் சற்றுமேல். ஒரு ராத்திரி நாடகம் அதில் அடங்கவேண்டும். எந்தப் பாட்டை விட்டால் சனம் கோபித்துக்கொள்ளும், எந்த வசனம் போனாலும் கதை நிற்கும், ஒரு பக்கம் எந்த இடத்தில் முடிந்தால் கேட்பவர் அடுத்த பக்கத்தைப் போட எழுந்திருப்பார் என்பதையெல்லாம் தீர்மானிக்க ஒருவர் இருந்திருக்கவேண்டும். பெரும்பாலும் அவர் பெயர் தட்டில் இருக்காது. என்னைக் கேட்டால், தமிழ் சினிமாவின் திரைக்கதைக் கலை தொடங்கியதே அந்தக் கத்தரிப்பில்தான். மெய்யப்பச் செட்டியாரே 1935-இல் 'அல்லி அர்ஜுனா' எடுத்துப் படத்தொழிலுக்குள் போனார்.

கேட்பதும் ஒரு வேலைதான். பக்கத்துக்குப் பக்கம் ஊசி மாற்றவேண்டும். சாவி கொடுக்கவேண்டும். வரிசை தப்பினால் மாதவிக்குப் பிறகு கல்யாணம் நடந்துவிடும். கிராமபோன் வைத்திருந்தது பெரும்பாலும் வசதியுள்ள வீடுகளும் கடைகளும்தான். அப்படி, கொழும்பில் கடை வைத்திருந்த குடும்பங்கள் இந்தக் கடற்கரையில் நிறைய உண்டு. பெட்டி ஒரு வீட்டில் இருந்தால் தெருவே வாசலில் உட்கார்ந்து கேட்கும்.

பிறகு நீண்ட நேரம் ஓடும் எல்.பி. தட்டு 1948-இல் அமெரிக்காவில் வந்தது. நம் பக்கம் அது பரவியபின் டிராமா செட்டின் இடத்தைப் படங்களின் கதை வசனம் பிடித்தது. கல்யாண வீட்டு மைக் செட்டில் 'திருவிளையாடல்' வசனமும், பின்னால் கேசட்டில் 'விதி' படத்து நீதிமன்றக் காட்சியும் ஒலித்ததைக் கேட்டு வளராதவர்கள் தென்மாவட்டங்களில் குறைவு.

ஜாஸ் வேறு வழியில் போனது. யேல் பல்கலைக்கழக மாணவர் ஜார்ஜ் அவாக்கியன், தன் தட்டுச் சேகரிப்புப் பித்தைத் தொழிலாக்கிக்கொண்டார். டெக்கா நிறுவனத்துக்காக அவர் உருவாக்கிய 'சிகாகோ ஜாஸ்' 1940-இல் ஆறு தட்டுத் தொகுப்பாக வந்தது. அதே ஆண்டு கொலம்பியா அவரை அழைத்து ஆம்ஸ்ட்ராங்கின் பழைய பதிவுகளைத் தொகுக்கச் சொன்னது. கிடங்கைத் துழாவியவர், வெளியிடப்படாமலே கிடந்த பதிவுகளையும் கண்டெடுத்தார். 1959-இல் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு பாடிய கெர்ஷ்வின் பாடல்கள் ஐந்து எல்.பி. கொண்ட பெட்டியாக வந்தன. 1983-இல் மைக்கேல் கஸ்குனாவும் சார்லி லூரியும் தங்கள் மொசைக் நிறுவனத்தின் வழியே பியானோக் கலைஞர் தெலோனியஸ் மங்க் புளூ நோட் நிறுவனத்துக்குப் பதிந்ததையெல்லாம் நான்கு எல்.பி.யில் வெளியிட்டார்கள். 7,500 பிரதிதான். எந்தத் தேதியில் பதிந்தது, யார் யார் வாசித்தார்கள் என்று கூடவே விரிவான ஏடும் வைத்தார்கள். சேகரிப்பவர்கள் உயிரை விடுவது அந்த ஏட்டுக்கும்தான்.

டிராமா செட்டுக்கு அப்படியொரு பெட்டி என் கண்ணில் பட்டதில்லை. இந்த ஏக்கத்தைத்தான் இங்கே எழுதவந்தேன். செங்கோட்டையில் 1906-இல் பிறந்து 1933-இல் இருபத்தேழு வயதில் மறைந்த நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பா ஒரு படத்தில்கூட நடித்ததில்லை. அவர் குரல் நமக்கு மிஞ்சியது தட்டுகளால்தான். அவருடைய பாட்டுகளைக் குறுந்தட்டிலாவது கேட்டுவிடலாம். செட்டுகளின் நிலைமை மோசம். பழைய சாமான் கடையில் மூன்றாம் தட்டு கிடைக்கும், முதலாவது இருக்காது. ஐந்தில் ஒன்று கீழே விழுந்து உடைந்தாலும் கதையில் ஒரு துண்டு போய்விடுகிறது. ஓடியனின் இந்தியத் தட்டுகளில் எஞ்சியவற்றைத் தேடி எண்மப்படுத்தும் பணிக்கு பிரிட்டிஷ் நூலகத்தின் அருகிவரும் ஆவணங்கள் திட்டம் உதவியது. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் இசைத்தட்டுகளும் பாட்டுப் புத்தகங்களும் சேர்ந்திருக்கின்றன. வெவ்வேறு கைகளில் இருப்பதை ஒன்றோடொன்று பொருத்தினால்தான் முழு செட் தேறும்.

ஆகவே சாத்தான்குளத்திலோ நாசரேத்திலோ உடன்குடியிலோ மச்சிலும் பரணிலும் பழைய தட்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள். அரக்கு அதில் கரைந்துவிடும். படுக்கவைத்து அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள். நடுவிலுள்ள லேபிளையும், அதை ஒட்டிக் கீறியிருக்கும் எண்ணையும் படம் எடுத்து வையுங்கள். ஒற்றைத் தட்டுதானே என்று எடைக்குப் போடவேண்டாம். நாலு தட்டோடு ஒருவர் அந்த ஐந்தாவதைத் தேடிக்கொண்டிருக்கலாம்.