மூணு யூனிட்டும் ஒரு பாலிசியும்

எங்க வெம்பாக்கம் பக்கம் வந்தீங்கன்னா காலையில ரெண்டு சத்தம் கேட்கும். தெருவுக்குள்ள பட்டுத்தறி, ரோட்டுல டிப்பர். ஆரணிக்கும் காஞ்சிபுரத்துக்கும் நெய்கிறவர்களைப் பற்றி நிறைய பேர் எழுதிட்டாங்க. டிப்பர்காரன் கதையை அவ்வளவாக யாரும் எழுதவில்லை. பட்டணத்தில் உங்க வீட்டு வாசலில் எம்-சாண்ட் கொட்டிவிட்டுப் போன வண்டி, எங்களை மாதிரி ஒரு விவசாயி நிலப் பத்திரத்தை அடமானம் வெச்சு வாங்கினதா இருக்கலாம்.

என் சித்தப்பா மகன் அப்படித்தான் ஒண்ணு வாங்கினான், ஆறு சக்கர வண்டி, செகண்ட் ஹேண்டு. போன மாசம் பாலிசியைக் கொண்டாந்து "இதைப் படிச்சுச் சொல்லுண்ணா" என்றான். அதைப் படிக்கப் போய்தான் பழைய கதையையெல்லாம் தேட வேண்டியதாச்சு.

எங்க ஊருக்கு முதல் டிப்பர் எருவண்டிதான். மாட்டை அவிழ்த்துவிட்டு நுகத்தடியை மேலே தூக்கினால், பின்பக்கம் சாய்ந்து எரு தானாகக் கொட்டும். அப்புறம் லாரி வந்தபோது இந்த வசதி போயிடுச்சு. நாலு ஆள் மேலே ஏறி மண்வெட்டியால் தள்ளணும். வண்டியோடவே லோடு மேலே உட்கார்ந்து வருவாங்க. அந்த நாலு பேர் கதை பின்னால் வரும்.

லாரி வாங்கக் காசு? மெட்ராஸில் 1954-ல் சுந்தரம் பைனான்ஸ் தொடங்கியது. 1979-ல் வந்த ஸ்ரீராம், பழைய லாரிக்குக் கடன் கொடுப்பதையே பெரிய தொழிலாக வளர்த்தது. ஒத்தை லாரி முதலாளி என்ற ஜாதி பெருகியது இப்படித்தான். முதலாளின்னு சொல்றோமே தவிர டிரைவரும் அவன்தான், கிரீஸ் அடிக்கிறவனும் அவன்தான்.

இன்சூரன்ஸ் கதை இன்னும் பழசு. 1939 மோட்டார் வாகனச் சட்டத்தில் எழுதியிருந்தாலும், மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயமானது 1946 ஜூலை 1-ல்தான். சரக்கு லாரிக்கு அன்றைக்கு வரம்பு 20,000 ரூபாய். 1969 திருத்தத்தில் 50,000 ஆச்சு, 1982-ல் ஒன்றரை லட்சம். கோர்ட்டு அதற்கு மேல் தீர்ப்பு சொன்னால் மிச்சம் வண்டிக்காரன் தலையில்தான். 1988-ல் போட்ட புதுச் சட்டம் 1989 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பிறகே உயிரிழப்புக்கும் காயத்துக்கும் இந்த வரம்பு போனது. அடிபட்டவர் குடும்பத்துக்கு அது பெரிய நியாயம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனா கம்பெனிகளுக்கு லாரி என்றாலே கசப்பு. 2007-ல் சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தை அவரவர் இஷ்டத்துக்கு விட்ட சமயத்தில், வணிக வாகனங்களின் மூன்றாம் நபர் சுமையை எல்லாக் கம்பெனிகளும் பங்கு போட்டுக்கொள்ள ஒரு பொது நிதிக்குழு வைக்க வேண்டியிருந்தது. மூன்றாம் நபர் பிரீமியத்தை அரசுத் தரப்புதான் நிர்ணயிக்குது. 2022 ஜூன் அறிவிப்பின்படி, 12 டன்னுக்கு மேல் 20 டன் வரைக்கும் வருஷத்துக்கு 35,313 ரூபாய். அதற்கு மேல் 40 டன் வரை 43,950. வரி தனி.

இவ்வளவு கட்டியும் அது அடுத்தவருக்கான காகிதம். லோடு மேலே சும்மா ஏறி வந்தவருக்கு இன்சூரன்ஸ் கிடையாது என்று 2002-ல் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1994 திருத்தம் சரக்குக்குச் சொந்தக்காரரையும் அவருடைய பிரதிநிதியையும் மட்டும் சேர்த்தது. லோடுமேன்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று தனி பிரீமியம் கட்டி, பாலிசியில் ஆள் கணக்கு எழுதி வாங்கணும். தம்பி பாலிசியில் அந்த இடம் காலியாக இருந்தது.

2004-ல் ஸ்வரண் சிங் வழக்கு. லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டி விபத்தானால் கம்பெனி முதலில் பணம் கொடுக்கும், தெரிஞ்சே வண்டியைக் கொடுத்த உரிமையாளரிடம் பிறகு வசூலிக்கும். வசூல் என்றால் எங்க ஊரில் கழனிதான். 2024 நவம்பரில் கொஞ்சம் நல்ல சேதி வந்தது. 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டியை இலகுரக லைசென்ஸ் வைத்தே ஓட்டலாம் என்றது அரசியல் சாசன அமர்வு. குட்டி டிப்பர்காரர்களுக்கு நிம்மதி. தம்பி வண்டி பெரிசு, அவனுக்கு உதவாது.

இனி வண்டிக்கு வருவோம். டிப்பரோட உயிர் அதன் ஜாக்கியில் இருக்கு. கியர் பாக்ஸிலிருந்து சக்தி எடுத்து, பம்பு ஆயிலைத் தள்ள, சிலிண்டர் தொட்டியைத் தூக்கும். ஈர மண் ஒரு பக்கம் ஒட்டிக்கிட்டா, தரை கொஞ்சம் சரிவா இருந்தா, வண்டி குடை சாயும். மேலே கரண்டு கம்பி இருந்தால் கேட்கவே வேண்டாம். ஜாக்கி சும்மா பழுதானால் பாலிசி தராது, இயந்திரக் கோளாறு என்று ஒதுக்கிடுவாங்க. விளக்கு, மட்கார்டு, பம்பருக்கெல்லாம் 'ஐ.எம்.டி. 23' என்ற பிரிவைக் கூடுதல் பணம் கட்டிச் சேர்த்தால்தான் உண்டு.

எல்லாத்துக்கும் மேலே ஒரு வரி: அதிக பாரத்தால் வந்த சேதம் எங்கள் பொறுப்பல்ல. ஒரு யூனிட் என்பது 100 கன அடி. மணல் என்றால் கிட்டத்தட்ட நாலரை டன், ஈரமானால் இன்னும் கூடும். ஆறு சக்கர வண்டியின் மொத்த எடை வரம்பு முன்பு 16.2 டன். வண்டியின் எடை ஆறரை டன் என்று வைத்தால் ரெண்டு யூனிட் ஏற்றலாம். 2018 ஜூலையில் வரம்பை 18.5 டன்னாக உயர்த்தினாங்க. அப்பவும் மூணு யூனிட் கணக்கு இடிக்குது, ஒன்றரை டன் மிச்சம்.

லோடுமேன் ரெண்டு பேரையும் 'ஐ.எம்.டி. 23'-ஐயும் தம்பி மறுநாளே சேர்த்துட்டான். மூணு யூனிட்டைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கல. நானே கேட்டேன். தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கிட்டே சொன்னான்: "ரெண்டு யூனிட் ஏத்துனா ரெண்டு யூனிட்டுக்குத்தாண்ணா வாடகை. டியூவு மட்டும் மூணு யூனிட்டுக்கு இருக்குது."